நிலவில் கேட்காத பாங்கு

 

பிள்ளைகளுக்குத் தீனைக் கற்பிக்கும் ஒருவர் தாம் செய்த தவற்றைப் பொதுவில் எழுதுவது வழக்கமன்று. ஆயினும் எழுதுகிறோம். நாம் இடறிய இடத்தில் இன்னோர் உஸ்தாதோ, ஒரு தாயோ தகப்பனோ இடறாதிருக்க இது உதவுமானால் அதுவே போதும்.

நாம் காலையில் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் தீனிய்யாத் வகுப்பு எடுக்கிறோம். மஃரிபுக்குப் பின் மஹல்லாப் பள்ளிவாசலின் மக்தபில் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறோம். பள்ளியில் முதல் பாடவேளை நம்முடையது. நான்காம் பாடவேளை அறிவியல். வானங்களையும் பூமியையும் படைத்தவன் அல்லாஹ் என்று காலையில் நம்மிடம் கேட்கும் அதே பிள்ளை, நண்பகலுக்கு முன் பூமி சூரியனைச் சுற்றும் விதத்தை அறிவியல் ஆசிரியையிடம் கேட்கிறது. நாமும் அந்த ஆசிரியையும் ஒரே பதிவேட்டில் கையெழுத்திட்டோம். ஒரே அறையில் தேநீர் அருந்தினோம். ஆனால் ‘நீங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடத்துகிறீர்கள்?’ என்று ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் கேட்டதில்லை. இரண்டு பாடங்களையும் பொருத்திப் பார்க்கும் வேலையைப் பெரியவர்களாகிய நாம் செய்யாமல், பிள்ளையின் தலையில் சுமத்திவிட்டிருந்தோம்.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டில், நிலவில் முதன்முதலாகக் கால்பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் காலமானார். அந்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் நாம் ஒரு செய்தியைச் சொன்னோம். உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். அவர் நிலவில் இறங்கியபோது விளங்காத ஓர் ஓசையைக் கேட்டாராம். பின்னர் ஒரு முஸ்லிம் நாட்டுக்குச் சென்றபோது பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்க, ‘நான் நிலவில் கேட்டது இதுதான்’ என்று சொல்லி இஸ்லாத்தைத் தழுவினாராம். நாம் இளமையில் பயான்களில் கேட்டது; எத்தனையோ முறை மெய்சிலிர்த்தது. வகுப்பிலும் பிள்ளைகள் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்றனர்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். நம் மக்தபிலும் ஓதுபவன். அமைதியானவன், தஜ்வீத் சுத்தமாக இருக்கும். ‘ஹஜ்ரத், ஒலி பரவுவதற்கு ஊடகம் வேண்டும் என்று அறிவியல் பாடத்தில் படித்தோம். நிலவில் காற்றே இல்லையே. பாங்கு எப்படிக் கேட்டிருக்கும்?’ என்றான்.

அவன் கேலி செய்யவில்லை. இரண்டு பாடவேளைகளில் கேட்டதை ஒன்றாக வைத்துப் பார்த்தான், அவ்வளவே. நாம் என்ன சொன்னோம் தெரியுமா? ‘அல்லாஹ் நாடினால் எதுவும் நடக்கும். அவனுடைய ஆற்றலில் ஐயம் கொள்கிறாயா? இது ஷைத்தானின் ஊசலாட்டம். அஊது ஓதிவிட்டு உட்கார்’ என்றோம். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான்.

இரண்டு நாள் கழித்து மக்தபில் ஓதி முடித்தபின் தனியாக வந்து நின்றான். அந்தச் செய்தி பொய்யென்று இணையத்தில் கண்டதாகவும், ஆம்ஸ்ட்ராங் இஸ்லாத்தைத் தழுவவில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறை 1983ஆம் ஆண்டிலேயே தம் தூதரகங்களுக்குத் தெரிவித்திருந்ததாகவும் சொன்னான். பிறகு, நம் முகத்தைப் பாராமல், ‘அது பொய்யென்றால் நீங்கள் சொன்ன மற்றவை, ஹஜ்ரத்?’ என்று கேட்டான்.

அந்த இடத்தில் நமக்கு இருந்தது ஒரே வழி. ‘மகனே, நான் விசாரியாமல் சொல்லிவிட்டேன். அது என் பிழை. மார்க்கத்தின் பிழையன்று’ என்று சொல்லியிருக்க வேண்டும். நாம் சொல்லவில்லை. ‘இணையத்தில் யூதர்களும் நஸாராக்களும் எழுதுவதை நம்பாதே’ என்று அனுப்பிவிட்டோம். சில வாரங்களில் அவன் மக்தபுக்கு வருவதை நிறுத்தினான். பத்தாம் வகுப்பு, டியூஷன் என்று வீட்டில் காரணம் சொன்னார்கள். பின்னாளில் அவனுடைய அத்தா நம்மிடம், ‘ஜும்ஆவுக்குக்கூட வர மறுக்கிறான் ஹஜ்ரத், நீங்கள் சொல்லிப் பாருங்களேன்’ என்று கேட்டபோது, தலை குனிந்துகொண்டோம். காரணம் அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு குர்ஆன் கட்டளையிடுகிறது (49:6). கேட்டதையெல்லாம் எடுத்துரைப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது எனும் கருத்தில் நபிமொழியும் உண்டு. இவற்றை நாம் மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறோம். ஒரு ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரில் ஒருவரின் நினைவாற்றல் குறைவு என்றாலும் அதனைப் பலவீனமானது என்று ஒதுக்கும் சமுதாயம் நம்முடையது. அத்தகைய சமுதாயத்தின் ஆசிரியர் ஒருவர், அறிவிப்பாளர் எவரென்றே தெரியாத ஒரு கதையை, கேட்பதற்கு இனிக்கிறது என்பதற்காக வகுப்பில் அறிவித்தார். கேள்வி எழுந்ததும், அல்லாஹ்வின் ஆற்றலைத் தமது கதைக்குக் கேடயமாகப் பிடித்தார். நம்மை இன்றுவரை உறுத்துவது இதுதான். அல்லாஹ் எதற்கும் ஆற்றலுடையவன் என்பது நம் ஈமான். ஆனால் அந்தப் பையன் கேட்டது அவனால் முடியுமா என்பதையன்று. அது நடந்ததா என்பதை.

ஏழு ஆண்டுகள் கடந்தன. 2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை, வளைய சூரிய கிரகணம். கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாக அதன் பாதை சென்றது. நமது ஊரும் அந்தப் பாதையில் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் மக்தபில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். அவள் அந்தப் பையனின் தங்கை. ‘ஹஜ்ரத், கிரகணம் முடியும்வரை சின்னம்மா வெளியே வரக்கூடாது, கத்தியைத் தொடக்கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று பாட்டி சொல்கிறார். அது நிலவின் நிழல்தான் என்று ஸ்கூலில் மிஸ் சொல்கிறார். அல்லாஹ்வை அஞ்சித் தொழ வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். மூன்றில் எது சரி?’

அதே வீடு, அதே குரல். அல்லாஹ் நமக்கு இன்னொரு வாய்ப்பைத் தந்திருந்தான். ‘நாளைக்குச் சொல்கிறேன் அம்மா’ என்றோம். அன்றிரவு கிதாபுகளை எடுத்து வைத்து உட்கார்ந்தோம்.

ஹிஜ்ரி பத்தாம் ஆண்டில், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம், பால்குடிப் பருவத்திலேயே மறைந்தார். அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானியலாளர்கள் அதை கி.பி. 632 ஜனவரி 27 என்று கணக்கிடுகின்றனர். நபியின் மகன் இறந்ததற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். சற்றே எண்ணிப் பாருங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தந்தை. அவருடைய துயரில் வானமே பங்கேற்றதாக நம்பும் மக்கள். வாய் திறவாமல் இருந்திருந்தாலே போதும். அந்த நம்பிக்கை ஊரெங்கும் பரவியிருக்கும். நபியவர்கள் அதை அனுமதிக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் உள்ளவை, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். அதைக் கண்டால் தொழுது துஆச் செய்யுமாறு ஏவினார்கள். தமக்கே பெருமை சேர்க்கும் ஒரு தவறான செய்தியைத் துக்க நாளிலும் மறுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய மார்க்கத்துக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணி, நாம் நிலவில் பாங்கு ஒலித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த இரவில் நம்மை இன்னும் கூசச் செய்தது, ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வின் முன்னுரையில் எழுதியிருப்பது. தத்துவவாதிகளை மறுப்பதற்கென்றே எழுதப்பட்ட நூல் அது. ஆயினும் கிரகணம் பற்றி அவர்கள் சொல்வதை இமாம் மறுக்கவில்லை. பூமி இடையில் வருவதால் சந்திர கிரகணம். நிலவு இடையில் வருவதால் சூரிய கிரகணம். இதை மறுப்பது மார்க்கக் கடமை என்று எண்ணுபவர் மார்க்கத்துக்கே தீங்கிழைத்து அதைப் பலவீனப்படுத்துகிறார் என்கிறார். காரணமும் சொல்கிறார்: கிரகணத்தின் நேரத்தையும் அளவையும் கணக்கிட்டு அறிந்த ஒருவரிடம் ‘இது மார்க்கத்துக்கு முரண்’ என்று சொன்னால், அவர் தமது கணக்கை ஐயுற மாட்டார், மார்க்கத்தையே ஐயுறுவார். நம் மாணவனுக்கு நேர்ந்தது இதுவே. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் இமாம் எச்சரித்த குழியில் நாம் கண்களைத் திறந்துகொண்டே விழுந்திருந்தோம்.

மறுநாள் சிறுமியிடம் சொன்னோம்: ‘பாட்டி உங்கள் மீதுள்ள அன்பால் சொல்கிறார், அவரிடம் குரலை உயர்த்தாதே. ஆனால் அதற்கு மார்க்கத்திலும் ஆதாரமில்லை, அறிவியலிலும் ஆதாரமில்லை. சின்னம்மா தாராளமாகக் காய் நறுக்கலாம். மிஸ் சொன்னது உண்மை. தொழ வேண்டும் என்று நான் சொன்னதும் உண்மை.’

அவள் விடவில்லை. ‘எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும் என்று செய்தித்தாளிலேயே போட்டுவிட்டார்களே. முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்கு எதற்காக அஞ்சித் தொழ வேண்டும்?’

பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையைக் காட்டினோம். ‘நாளை சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று இதில் இருக்கிறது. அதனால் சுப்ஹுத் தொழுகை தேவையில்லை என்று ஆகிவிட்டதா? கணக்கு நமக்கு நேரத்தைச் சொல்கிறது. அந்த நேரத்தில் யார் முன் நிற்க வேண்டும் என்பதைக் கணக்கு சொல்லாது. அதை வஹீ சொல்கிறது’ என்றோம். டமாஸ்கஸின் உமையாப் பெரிய பள்ளிவாசலில் தொழுகை நேரத்தைக் கணிக்கும் முவக்கித் பொறுப்பில் இருந்த இப்னு ஷாத்திர் (மறைவு 1375), தம் காலத்தின் தலைசிறந்த வானியல் அறிஞர்களில் ஒருவர் என்பதையும் சொன்னோம். பாங்கு நேரத்தைக் கணிக்க ஒரு வானியல் அறிஞரையே பள்ளிவாசலில் அமர்த்திய சமுதாயம் இது என்று கேட்டதும் பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. அதற்குக் கட்டுக்கதை எதுவும் தேவைப்படவில்லை.

அரையாண்டு விடுமுறை என்பதால் கிரகணத்தன்று பிள்ளைகள் பள்ளிவாசலுக்கே வந்தனர். நமது அழைப்பை ஏற்று அறிவியல் ஆசிரியையும் வந்தார். அவர் முஸ்லிம் அல்லர். தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, சூரியனைப் பார்ப்பதற்கான வடிகட்டிக் கண்ணாடிகளுடன் முற்றத்தில் பெண்பிள்ளைகளோடு நின்றார். எட்டு மணிக்குச் சற்றுப் பின் கிரகணம் தொடங்கியது. ‘அஸ்ஸலாத்து ஜாமிஆ’ என்று அழைப்புக் கொடுத்து, நீண்ட கிராஅத்துடன் இரண்டு ரக்அத் தொழுதோம். துஆ முடிந்து வெளியே வந்தபோது வெயில் மங்கி, நிலவொளிபோல் இருந்தது.

முற்றத்து வேப்பமரத்தின் அடியில் பிள்ளைகள் கூச்சலிட்டனர். தரையெங்கும் பிறைகள். இலைகளுக்கு இடையிலுள்ள சின்னஞ்சிறு இடைவெளிகள் ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளையாகி, பிறைவடிவச் சூரியனைச் சிமெண்டுத் தரையில் நூறு நூறாக வரைந்திருந்தன. ஒன்பதரை மணியளவில் அத்தனையும் மோதிரங்களாயின. பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைஸம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே நிகழ்வை, துளை வழியே விழும் கிரகணத்தின் வடிவத்தை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். அதை அங்கேயே, அந்தத் தரையைக் காட்டியே சொன்னோம்.

மதிலோரம் ஓர் இளைஞன் அட்டைப் பெட்டியில் துளையிட்டு, உள்ளே வெள்ளைத்தாள் ஒட்டி, சிறுவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கச் செய்துகொண்டிருந்தான். தங்கை அழைத்து வந்திருந்தாள். இப்போது திருச்சியில் கல்லூரியில் படிக்கிறான் என்றாள். தொழுகையில் அவன் சேர்ந்திருக்கவில்லை.

நாம் அருகில் சென்றோம். ஸலாம் சொன்னான். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, நேராகவே சொன்னோம். ‘நிலவில் பாங்கு கேட்டது என்று சொன்னேனே, அது பொய்ச்செய்தி. நீ சொன்னதுதான் சரி. விசாரியாமல் சொன்னதும் என் தவறு. உன்னை ஷைத்தான் தூண்டுகிறான் என்று எல்லோர் முன்னிலும் சொன்னதும் என் தவறு. என்னை மன்னித்துக்கொள், தம்பி.’

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். சற்று நேரம் தரையிலிருந்த மோதிரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: ‘அன்றைக்கே தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும், ஹஜ்ரத்.’

அவ்வளவுதான் அவன் சொன்னது. அதன்பின் அவன் தொழுதானா, இன்று எப்படி இருக்கிறான் என்பதை எழுதும் உரிமை நமக்கில்லை; அது அவனுக்கும் அவனுடைய இறைவனுக்கும் இடையிலுள்ளது. கதையை முடிப்பதற்காக இன்னொரு கதையைச் சொல்லவும் நாம் விரும்பவில்லை.

‘தெரியாது’ என்பது நமது முன்னோர் வெட்கப்பட்ட சொல்லன்று. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாற்பத்தெட்டு கேள்விகள் கேட்கப்பட்டு, அவற்றுள் முப்பத்திரண்டுக்கு ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் விடையளித்ததாக அறிவிக்கப்படுகிறது. மதீனாவின் இமாமுக்கு முப்பத்திரண்டு முறை இயன்ற ஒன்று, மக்தப் ஆசிரியராகிய நமக்கு ஒருமுறைகூட இயலவில்லை.

அந்தக் கிரகணத்துக்குப் பின் மூன்று காரியங்களைக் கடைப்பிடிக்க முயல்கிறோம். பெற்றோருக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறோம்.

முதலாவது, குர்ஆனின் உண்மையை அன்றைய அறிவியல் செய்தியின் மீது நிறுத்துவதில்லை. முற்காலத்தில் கிரேக்க வானியல், பூமியைச் சுற்றி ஒன்பது கோளங்கள் உள்ளன என்று கற்பித்தது. சிலர் ஏழு வானங்களோடு குர்ஸியையும் அர்ஷையும் சேர்த்து ஒன்பது என்று பொருத்தி விளக்கினர். பின்னர் அந்தக் கோளங்களே இல்லையென்று ஆயிற்று. பொருத்தம் போனது, குர்ஆன் இருக்கிறது. இன்று நாம் வாட்ஸ்அப்பில் பகிரும் பொருத்தங்களில் எத்தனை நாளை நிற்கும்? அது போகும்போது பிள்ளையின் ஈமானும் அதனுடன் போக வேண்டுமா? படைப்பைச் சிந்திக்குமாறு குர்ஆன் அழைக்கிறது. அந்த அழைப்பை ஏற்பதற்குப் பொருத்தங்களின் பட்டியல் தேவையில்லை.

இரண்டாவது, கடினமான கேள்வியை விரட்டுவதில்லை. பத்தாம் வகுப்பில் பரிணாமம் பற்றிய பாடம் வரும்போது, ‘பரீட்சையில் எழுதினால் ஈமான் போய்விடுமா?’ என்று பிள்ளைகள் அச்சத்தோடு கேட்கின்றனர். போகாது என்கிறோம். அறிவியலாளர்கள் என்ன சொல்கிறார்கள், எந்தச் சான்றுகளைக் கொண்டு சொல்கிறார்கள் என்பதைச் சரியாகக் கற்று, சரியாக எழுது. ஆதம் (அலை) அவர்களின் படைப்புப் பற்றி வஹீ நமக்கு அறிவித்ததை நாம் நம்புகிறோம். ஏனைய உயிரினங்கள் பற்றி அறிஞர்களிடையே வெவ்வேறு கருத்துகள் உள்ளன. முற்றாக மறுப்போரும் உண்டு, ஆதம் (அலை) அவர்கள் நீங்கலாக மற்றவற்றில் ஏற்போரும் உண்டு. இதற்கு மேல் கேட்டால், ‘எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் இருவரும் சேர்ந்து கேட்போம்’ என்கிறோம். இந்த விடையால் எந்தப் பிள்ளையும் மக்தபை விட்டுப் போகவில்லை.

மூன்றாவது, அறிவியல் ஆசிரியையும் நாமும் இப்போது பேசிக்கொள்கிறோம். ஆண்டுக்கு இருமுறை சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வருகிறது. மே இறுதியில் வருவது விடுமுறையில் போய்விடும். ஜூலை 15, 16 தேதிகளில் நம் நேரப்படி பிற்பகல் 2.57க்கு வருவது வகுப்பு நேரம். தொற்றுநோய்க் காலம் முடிந்து பள்ளி திறந்தபின், அந்த நேரத்தில் மைதானத்தில் ஒரு கம்பை நேராக நட்டோம். நிழல் விழும் திசைக்கு நேர் எதிரே கிப்லா. நம் பகுதியில் அது மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்கே சாய்ந்திருப்பதைப் பிள்ளைகள் பாகைமானியால் அளந்தனர். ஏன் அப்படி என்பதை ஆசிரியை உலக உருண்டையில் நூலை இழுத்துக் காட்டி விளக்கினார். ஏன் அந்தத் திசையை முன்னோக்குகிறோம் என்பதை நாம் விளக்கினோம். ஒரே பாடவேளை, இரண்டு ஆசிரியர்கள்.

இது புதுமையன்று. லக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) பெயரால் வழங்கும் தர்ஸே நிஜாமிப் பாடத்திட்டத்தில் கணிதமும் வானியலும் இடம்பெற்றிருந்தன. உலூக் பேக்கின் ஸமர்கந்தில் பணியாற்றிய காழீஸாதா ரூமி எழுதிய ‘ஷரஹ் சக்மீனி’ எனும் வானியல் நூலை மத்ரஸா மாணவர்கள் ஓதினர். நாளடைவில் அவை நமது வகுப்புகளிலிருந்து விலகின. இன்று அறிவியலைக் கண்டு அஞ்சுவதை நாம் பேணுதல் என்று எண்ணிக்கொள்கிறோம்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை ஒரு கேள்வியுடன் வந்தால், முதலில் அது கேட்பது என்ன என்று செவிமடுங்கள். பெரும்பாலும் அது அல்லாஹ்வை ஐயுறவில்லை. நாம் சொன்ன செய்தியைத்தான் விசாரிக்கிறது. அதற்கு நாம் கடமைப்பட்டிருப்பது உண்மையான விடை. இல்லையேல், தெரியாது எனும் ஒரு சொல்.

வல்ல ரஹ்மான் நமது நாவுகளை உண்மையில் நிலைநிறுத்துவானாக. நம்மால் இடறிய பிள்ளைகளை நம்மைவிடச் சிறந்தவர்களைக் கொண்டு தன்பால் அழைத்துக்கொள்வானாக. பயன்தரும் கல்வியை நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக. ஆமீன்.